மலைக்கோட்டையில் எதைப் பார்ப்பது? செஞ்சியை வைத்து ஓர் அறிமுகம்

செஞ்சிக் கோட்டையில் ஏறி இறங்கியவர்களிடம் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "ஒன்றும் இல்லை, நாலு இடிந்த சுவர்தான்" என்பார்கள். வெயிலில் வியர்த்து விறுவிறுத்து அத்தனை படி ஏறியவர்களுக்கு அந்த ஏமாற்றம் வருவது இயல்புதான். சிம்மாசனம் போட்ட மண்டபமும் அந்தப்புரமும் இருக்கும் என்று எண்ணி ஏறுகிறார்கள். பாறையும் செங்கல் சுவரும் பாசி பிடித்த குளமும்தான் கண்ணில் படுகின்றன.

ஆனால் ஒரு மலைக்கோட்டையை மலைக்கோட்டையாக ஆக்கியவை அந்தப் பாறையும் சுவரும் குளமும்தான். அரண்மனை எந்த ஊரிலும் இருக்கலாம். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கும் ஏற்பாடு எல்லா ஊரிலும் இருக்காது. அந்த ஏற்பாடு என்ன, அதன் எச்சங்களை எப்படி அடையாளம் காண்பது என்று முதன்முதலாகப் போகிறவர்களுக்குச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குச் செஞ்சியை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு மலைக்கோட்டைகளில் எல்லா உறுப்புகளும் இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சியிருப்பது அங்கேதான்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. மூன்றையும் இணைத்து மதில் ஓடுகிறது. அந்த மதிலின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர், அது வளைத்திருக்கும் பரப்பு ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். மூன்றில் உயரமானது ராஜகிரி, சுமார் 800 அடி. ஊர்மக்கள் அதை ராஜா கோட்டை என்றும், சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரியை ராணி கோட்டை என்றும் சொல்கிறார்கள்.

ராஜா கோட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் ராஜா அந்த உச்சியில்தான் குடியிருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். தினமும் எண்ணூறு அடி ஏறி இறங்கி யாரும் அரசாட்சி நடத்தவில்லை. அரண்மனை, குதிரை லாயம், களஞ்சியம், கல்யாண மகால் எல்லாம் ராஜகிரியின் அடிவாரத்தில், கீழ்க்கோட்டைக்குள்தான் இருக்கின்றன. கடைவீதியும் கோயில்களும் வீடுகளுமாக ஊர் முழுவதும் மதிலுக்குள் சமவெளியில் இருந்தது. 1597-இல் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பனை விட்டுவிட்டால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். உச்சியில் இருக்கும் மேல்கோட்டை கடைசிப் புகலிடம். கீழே எல்லாம் போய்விட்டாலும் மேலே ஒரு சிறு படையோடு தாக்குப்பிடிக்கலாம் என்பதற்காகவே அது இருந்தது.

எதற்காகத் தாக்குப்பிடிக்க வேண்டும்? காலத்தை இழுத்தடிக்கத்தான். முற்றுகையிட வந்த படை சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்களுக்கும் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் அன்றாடம் தீனி வேண்டும். சுற்றுவட்டார ஊர்களில் கிடைத்த தானியம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். பிறகு தொலைவிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டும். நடுவில் மழைக்காலம் வரும், காய்ச்சல் வரும், சம்பளம் பாக்கி விழும், பக்கத்து நாட்டில் வேறு கலகம் கிளம்பும். உள்ளே இருப்பவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் இவற்றில் ஏதாவது ஒன்று நடக்கும்வரை பட்டினி கிடக்காமலும் தாகத்தால் சாகாமலும் இருப்பதுதான். மலைக்கோட்டையின் ஒவ்வோர் உறுப்பும் இந்த ஒரே நோக்கத்துக்காக அமைந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், நாலு இடிந்த சுவர் என்று தோன்றியது வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

முதலில் தண்ணீர்

எந்த மலைக்கோட்டைக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். மதில் எவ்வளவு கனமாக இருந்தாலும் உள்ளே குடிக்க நீர் இல்லையென்றால் சில நாட்களில் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். கருங்கல் குன்றின் உச்சியில் கிணறு வெட்டினால் ஊற்று வருவது அரிது. மேலே கிடைக்கும் நீர் பெரும்பாலும் மழைநீர்.

ஆனால் கருங்கல் குன்றுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. வயலில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கிவிடும். பாறையில் பெய்த மழைக்கு இறங்க இடம் இல்லை, அப்படியே வழிந்தோடும். வழியும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டால் போதும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பாறையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள பாறைச் சரிவில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வமல்ல. அதில் பாதி வீணாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் 2.5 லட்சம் லிட்டர் மிச்சம். மேல்கோட்டையில் 200 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்றால் அது 250 நாட்களுக்கு வரும். ஒரே ஒரு நல்ல மழைக்கு இவ்வளவு!

இந்தக் கணக்கைக் கெடுப்பது வெயில். திறந்த குளத்தில் தேங்கிய நீர் கோடையில் வேகமாக வற்றிவிடும். அதனால்தான் பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் ஆழமான சுனைக்கு அகலமான குளத்தைவிட மதிப்பு அதிகம். இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே, பகலில் சில மணி நேரமே வெயில் எட்டும் இடத்தில், குறுகலான வாயோடு கறுத்த நீர் நின்றால் அதுதான் அந்தக் கோட்டையின் உயிர். சுனைக்குப் பக்கத்தில் குனிந்து பாறையைப் பாருங்கள். விரல் அகலத்துக்கோ உள்ளங்கை அகலத்துக்கோ உளியால் வெட்டிய ஒரு வாய்க்கால் சரிவாக வந்து சுனையில் இறங்குகிறதா என்று தேடுங்கள். மழை அதன் போக்கில் வேறு பக்கம் வழிந்துவிடாமல் திருப்பிவிடுவதற்கு இப்படி வெட்டுவார்கள். சில இடங்களில் வெட்டுவதற்குப் பதிலாகச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரு சிறு வரப்புக் கட்டியிருப்பார்கள். கால் பட்டு உதிரும் அந்த ஒரு சாண் வரப்பைப் பெரும்பாலோர் மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

செஞ்சியில் கீழேயும் நீர் ஏற்பாடு பலமாக இருந்தது. ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று இரண்டு குளங்கள் உண்டு. குன்றுச் சரிவின் நீரை வாங்கிக்கொள்வதற்குத் தோதான இடத்தில் இருப்பவை. மேலே சுனை, கீழே குளம் என்று நீரைப் பல இடங்களில் பிரித்து வைத்ததற்கும் காரணம் உண்டு. ஒன்று எதிரியின் கைக்குப் போனாலும், செத்த மாட்டைப் போட்டு நாசமாக்கினாலும், இன்னொன்று இருக்க வேண்டும்.

நெல் எங்கே இருந்தது?

தண்ணீருக்கு அடுத்தது சோறு. கோட்டைக்குள் களஞ்சியத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சன்னல் இருக்காது, சுவர் தேவைக்கு மீறிக் கனமாக இருக்கும், கூரை வண்டிக்கூண்டு மாதிரி வளைந்திருக்கும். காற்றோட்டமே இல்லாத இந்த இருட்டு அறையில் யார் இருந்திருப்பார்கள் என்று சிலர் சிறைச்சாலையாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நெல்லுக்கு ஈரமும் எலியும்தான் எதிரிகள், வெளிச்சம் தேவையில்லை. செஞ்சிக் கீழ்க்கோட்டையில் பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. மேல்கோட்டையிலும் தனியாக உண்டு. கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் ஊற்றி வைத்தவை என்று காட்டப்படும் தொட்டிகளும் இருக்கின்றன. எண்ணெய் சமையலுக்கு மட்டும் அல்ல. இரவெல்லாம் மதிலில் பந்தம் எரிய வேண்டும், காயத்துக்குப் போட வேண்டும்.

மலை தரும் உணவு பற்றி நம்மிடம் மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்கள் சூழ்ந்தபோது கபிலர் பாடியதாக வரும் புறநானூற்றுப் பாடல் அது. உழவர் உழாமலே நான்கு விளைபொருள் அங்கே கிடைக்கும் என்று அடுக்குகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நீங்கள் மரத்துக்கு மரம் யானையைக் கட்டி, வயல்தோறும் தேரை நிறுத்தினாலும் மலையைக் கைப்பற்ற முடியாது என்று அரசர்களிடமே சொல்கிறார். பாட்டு என்று படித்தால் மலையின் வளத்தைப் புகழ்வதாகத் தோன்றும். முற்றுகையை மனதில் வைத்துப் படித்தால், உங்களுக்கு முன்னால் எங்கள் இருப்புத் தீராது என்று எதிரிக்குக் கணக்குக் காட்டும் பேச்சாகவே அது எனக்குக் கேட்கிறது.

வழியை அவர்கள் எப்படிக் கெடுத்தார்கள்

அடுத்து, ஏறும் வழி. நம் காலத்துப் படிக்கட்டு ஏறுபவரின் வசதிக்காகக் கட்டப்படுகிறது. கோட்டைப் படிக்கட்டு ஏறுபவருக்குச் சிரமம் கொடுக்க வேண்டும். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது பாதி உயரம் என்று மாறி மாறி வந்தால் கால் தாளம் தப்பும், மூச்சு வாங்கும். கேடயமும் வாளும் ஏந்தி வருபவன் அப்படி ஏறும்போது மேலே நிற்பவன் நிதானமாகக் குறிபார்க்கலாம். எல்லா உயர வேறுபாட்டையும் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாறை கொடுத்த இடத்தில் வெட்டினார்கள், சரிசெய்ய அவசியம் இல்லை என்று விட்டார்கள்.

வாசல்களில் மட்டும் திட்டம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு வாசலைத் தாண்டியதும் நேர் எதிரே அடுத்த வாசல் வராது. சுவர் வழிமறிக்கும், பக்கவாட்டில் திரும்ப வேண்டும், திரும்பிய இடம் நாலாபக்கமும் மதில் சூழ்ந்த ஒரு முற்றமாக இருக்கும். பிறகுதான் அடுத்த கதவு. இதற்கு இரண்டு காரணங்கள். கதவை முட்டி உடைக்க யானையை ஓடவிட வேண்டும், ஓடிவர நீளம் கொடுக்காவிட்டால் யானையின் வேகம் பயன்படாது. இரண்டாவது, முதல் வாசலை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் அந்த முற்றத்தில் நெருக்கியடித்து நிற்பார்கள். சுற்றிலும் மேலே இருப்பவர்களுக்கு அது வாய்ப்பு.

கதவுகள் மரத்தால் ஆனவை, பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் கதவு இருந்ததற்கான தடயம் கல்லில் அப்படியே இருக்கிறது. வாசல் நிலையின் உள்பக்கம் போய் நின்று தரையைப் பாருங்கள். மூலையில் வட்டமான குழி ஒன்று தெரியும். கதவின் குடுமி, அதாவது கதவு சுழல்வதற்கு அடியில் நீட்டியிருக்கும் முனை, சுழன்ற இடம் அது. குழியின் விளிம்பைத் தடவினால் மற்ற இடத்தில் உள்ள சொரசொரப்பு அங்கே இருக்காது, தேய்ந்து வழவழப்பாக இருக்கும். பிறகு நிமிர்ந்து இருபுறச் சுவரிலும் மார்பளவு உயரத்தில் சதுரத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத் துளையில் கையை விட்டால் எட்டாத ஆழத்துக்குப் போகும், எதிர்ப்பக்கத் துளை ஒரு சாண் ஆழத்தில் முடிந்துவிடும். கதவை அடைத்துக் குறுக்கே போட்ட கணைய மரம் அந்த ஆழமான துளைக்குள்தான் பகலில் படுத்திருந்தது. மாலையில் இழுத்து எதிர்த் துளையில் செருகுவார்கள். கையை விடும் முன் உள்ளே பாம்போ தேளோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜகிரியின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இந்தத் தடைகளின் சிகரம் வருகிறது. பாதை திடீரென்று நின்று, முன்னால் ஒரு பிளவு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அகலம் ஏறத்தாழ 24 அடி, ஆழம் ஏறத்தாழ 60 அடி. இயற்கையாகவே இருந்த பாறை வெடிப்பை மேலும் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். இதைத் தாண்ட ஒரே ஒரு மரப்பாலம். ஆபத்து வந்தால் அதை எடுத்துவிடலாம். இன்று நாம் நடக்கும் பாலம் இந்தக் காலத்தில் போட்டது. அதன் நடுவில் நின்று கீழே பார்த்துவிட்டு, பாலம் இல்லை என்று நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து வாசலைப் பாருங்கள். அந்த வாசலை எத்தனை பேர் காத்தால் போதும்? ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை.

திருவள்ளுவர் அரண் என்ற அதிகாரத்தில் "சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்" என்கிறார். காக்க வேண்டிய இடம் சிறியது, உள்ளே பரப்பு பெரியது, வந்த பகைவனின் ஊக்கத்தையே அழிப்பது. பகைவனை அழிப்பது என்று சொல்லாமல் அவன் ஊக்கத்தை அழிப்பது என்று சொன்னதைக் கவனியுங்கள். அந்தப் பிளவின் விளிம்பில் நின்றபோது எனக்கு இந்தக் குறளுக்கு வேறு உரை தேவைப்படவில்லை.

கல்லைக் கேட்டால் காலம் சொல்லும்

"இந்தக் கோட்டையைக் கட்டியது யார்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பெயரை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அது. பழைய மலைக்கோட்டை எதற்கும் ஒரு பெயரில் விடை கிடையாது. செஞ்சியில் முதல் அரணை 1200-ஐ ஒட்டி ஆனந்தக் கோன் எழுப்பினார் என்றும், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் கிருஷ்ணகிரியை அரணாக்கினார் என்றும் பரம்பரை வரலாறு சொல்கிறது. பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் வந்து, செஞ்சி நாயக்கர்களின் தலைநகரமாகப் பெரிதாக வளர்ந்தது. 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-இல் சிவாஜி கைக்கு வந்தது. 1698-இல் முகலாயர்கள். அதன்பின் ஆற்காட்டு நவாப், 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள், 1780-இல் ஹைதர் அலி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் இருந்ததை வைத்துக்கொண்டு மேலே கட்டினார்கள். சிவாஜி இங்கே புதிய மதில்களும் அகழிகளும் அமைத்ததை அக்கால ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் வியப்போடு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இந்த அடுக்குகளைச் சுவரிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். மதிலின் அடியில் பெரிய பெரிய கருங்கற்கள் இருக்கும். வெளிமுகத்தில் மட்டும்தான் இந்தக் கல் வரிசை. நடுவில் உடைகல்லும் மண்ணும் போட்டுத் திமிசு போட்டிருப்பார்கள். இடிந்த இடத்தில் இந்த உள்நிரப்பு வெளியே தெரியும். மண் நிரப்பியது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. பீரங்கிக் குண்டு பட்டால் முழுக்கக் கல்லாலான சுவர் சிதறும், மண் நிரப்பிய சுவர் அடியை வாங்கிக்கொள்ளும். செஞ்சி மதில் சில பகுதிகளில் 60 அடி அளவுக்குப் பருத்திருப்பதும், அதன் முன்னே 80 அடி அளவுக்கு அகழி இருந்ததும் இதனால்தான்.

கண்ணை மேலே ஏற்றினால் கல் நின்று செங்கல் தொடங்கும் இடம் வரும். சுண்ணாம்புச் சாந்து பூசிய செங்கல் கைப்பிடிச் சுவர், அதில் வரிசையாகத் துளைகள். இவை துப்பாக்கி வந்த பிறகு சேர்த்தவை. ஒரு துளைக்குள் உள்பக்கமிருந்து எட்டிப் பாருங்கள். உள்ளே அகலமாகவும் வெளியே குறுகலாகவும் இருக்கும். சுடுபவன் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்பலாம், வெளியே இருப்பவனுக்கு ஒரு கீற்றுதான் தெரியும். சில துளைகள் நேராகப் போகாமல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அவை மதிலின் அடிக்கே வந்துவிட்டவனுக்காக. மூலைகளில் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள் பீரங்கி வைப்பதற்காக. ஆக ஒரே சுவரில் அடியில் ஒரு நூற்றாண்டு, தலையில் இன்னொரு நூற்றாண்டு நிற்கலாம்.

இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை காலடியிலேயே இருக்கிறது. செஞ்சிக் குன்றுகள் மேலிருந்து யாரோ கொட்டிவிட்டதுபோல உருண்டைப் பாறைகளாகக் குவிந்திருப்பவை. கருங்கல்லில் இருக்கும் வெடிப்புகள் வழியாக நீர் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து, பல லட்சம் ஆண்டுகளில் கட்டம்கட்டமான பாறைகளை உருண்டையாக்கிவிட்டது. அந்தப் பாறைகளில் சிலவற்றின் விளிம்பில் பல் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். கல்தச்சர்கள் கல்லைப் பிளந்த தடம் அது. உளியால் ஒரே கோட்டில் குழிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆப்பை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறி மாறி அடித்துக்கொண்டே போனால் பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும். பாதி வெட்டிவிட்டுக் கைவிட்ட பாறைகளும் கிடக்கின்றன. குழிகள் இருக்கும், பிளவு இருக்காது. இடையில் வேலை ஏன் நின்றது என்று யோசித்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம். பாறை நிழலும் கிடைக்கும்.

இப்படிப்பட்ட கோட்டை எப்படி விழும்?

கேட்க வேண்டிய கேள்வி. இத்தனை ஏற்பாடும் இருந்தும் மேலே சொன்ன பட்டியலில் எத்தனை பேர் மாறி மாறி வந்திருக்கிறார்கள்! அதைப் பார்க்கும் முன், எப்படி விழவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயர்களிடமிருந்து தப்பி 1689-இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் உயிர் அப்போது செஞ்சியில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். அது 1698 தொடக்கம் வரை இழுத்தது. உலகத்திலேயே பெரிய படைகளில் ஒன்றை வைத்திருந்த பேரரசால் ஏன் முடியவில்லை? முதலாவது காரணம், கோட்டையின் பரப்பு. மூன்று குன்றுகளையும் முழுக்கச் சுற்றி வளைக்க ஆள் போதவில்லை, உள்ளே ஆட்களும் பொருளும் போய்க்கொண்டே இருந்தன. இரண்டாவது, வெளியே இருந்த மராட்டியக் குதிரைப்படை. சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரும் 1692 இறுதியில் வந்து இறங்கி முகலாயர்களுக்கு வரும் தானியத்தை மறித்தார்கள். முற்றுகையிட வந்தவர்களே பட்டினிக்கு ஆளாகி, தற்காலிகமாக வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோதும் ராஜாராம் அதற்கு முன்பே வெளியேறிவிட்டிருந்தார். எட்டு ஆண்டு என்பது ஓர் அரசு மூச்சு வாங்கி மறுபடி எழுவதற்குப் போதுமான காலம். அந்தக் காலத்தைத் தந்தது செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியப் படைத்தலங்கள் பன்னிரண்டில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி என்பதற்குக் காரணமும் இந்த வரலாறுதான்.

அதே கோட்டை 1750 செப்டம்பரில் ஒரே இரவில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் விழுந்தது. கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையில் தோற்ற படை சிதறி உள்ளே ஓடிவர, துரத்திவந்தவர்கள் வெடிமருந்து வைத்து வாசலைத் தகர்த்தார்கள். இருட்டில் குன்றுகள் மேலும் ஏறினார்கள். விடிந்த பிறகு தாங்கள் ஏறிவந்த உயரத்தைப் பார்த்து அவர்களே வியந்தார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். மதில் அதேதான், பிளவு அதேதான். காக்க வேண்டியவர்கள் மனம் விட்டுவிட்டார்கள். எத்தனை சிறப்பு இருந்தாலும் செயல்திறம் இல்லாதவர்களிடத்தில் அரண் இருந்தும் இல்லாததுதான் என்று வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கிறார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குச் செஞ்சி நிம்மதி தரவில்லை. காய்ச்சலில் அவர்களுடைய வீரர்கள் ஏராளமாக மாண்டார்கள். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின் ஆங்கிலேயர்கள் வந்தபோது ராஜகிரி உச்சியை யாரும் தாக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. உதவி வர வழியில்லாத நிலையில் ஏப்ரலில் உடன்பாடு பேசிக் கோட்டையை ஒப்படைத்தார்கள்.

நமக்கெல்லாம் தெரிந்த தேசிங்கு ராஜன் கதை இதில் எங்கே வருகிறது? 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டுப் படையெடுத்து வந்தபோது, இளைஞரான தேசிங்கு கோட்டைக்குள் இருந்து தாக்குப்பிடிக்கவில்லை. சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே வந்து, பல மடங்கு பெரிய படையோடு திறந்த வெளியில் மோதி மடிந்தார். அந்த வீரத்தை இன்றுவரை கதைப்பாடலாகப் பாடுகிறோம். கோட்டையின் கணக்குப்படி பார்த்தால், அதன் பலம் அன்றைக்குப் பயன்படுத்தப்படவே இல்லை.

இடிந்தது எதனால்

எதிரியின் பீரங்கியால்தான் கோட்டைகள் இப்படி ஆயின என்று நினைக்கிறோம். போரில் விழுந்ததைவிடப் போர் ஓய்ந்த பிறகு விழுந்ததுதான் அதிகம். பறவை எச்சத்தில் வந்த ஓர் அரச விதை சுண்ணாம்புச் சந்தில் முளைக்கிறது. பத்து ஆண்டு யாரும் பிடுங்காவிட்டால் அதன் வேர் இரண்டு ஆள் தூக்க முடியாத கல்லை வெளியே தள்ளிவிடும். ஒரு கல் நகர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கி நடுவில் இருக்கும் மண்ணைக் கரைக்கிறது. மண் ஊறிப் புடைத்து, ஒரு மழைக்காலத்தில் வெளிமுகம் முழுவதும் சரிகிறது. அடுத்து, புதையல் ஆசையில் தோண்டியவர்கள். அடுத்து, வீட்டுக்கும் சாலைக்கும் கல் எடுத்தவர்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. கீழ்க்கோட்டையில் நாயக்கர் கட்டிய வெங்கடரமணர் கோயிலுக்குள் போனால், தூண்கள் போன பிறகு எஞ்சிய வெறுமை எவ்வளவு என்று தெரியும்.

1921 முதல் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மரம் பிடுங்குகிறார்கள், சரிந்ததைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆனால் 13 கிலோமீட்டர் மதிலுக்குக் காவல் போட எந்தத் துறையாலும் முடியாது. பூசிய சுண்ணாம்பில் சாவியால் பெயர் கீறுவதும், தின்ற பொட்டலத்தைச் சுனைக்குள் எறிவதும் மனதை மிகவும் வருத்துகின்றன. பல நூறு ஆண்டுகளாக மனித உயிரைக் காத்த நீர்நிலை அது. அதில் பிளாஸ்டிக் போடுபவரைப் பார்த்தால் தயங்காமல் சொல்லித் தடுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை, காலையிலேயே போய் முதலில் கிருஷ்ணகிரியில் ஏறுவது. ராஜகிரியைவிட ஏற்றம் குறைவு. அதன் உச்சியில் நின்றால் எதிரே ராஜகிரியும், இரண்டுக்கும் நடுவே சமவெளியில் ஓடும் மதிலும், மூன்றாவது மூலையில் சந்திராயன் துர்க்கமும் ஒரே பார்வையில் கிடைக்கும். முக்கோணம் மனதில் பதிந்த பிறகு இறங்கி ராஜகிரிக்குப் போனால், எந்த வாசல் எதைக் காக்கிறது என்று யாரும் சொல்லாமலே புரியும். குடிநீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. உணவைக் கையில் தெரியும்படி கொண்டுபோனால் குரங்குகள் விடாது. ராஜகிரிக்கு ஏற இறங்க அரை நாள் ஒதுக்கிக்கொள்வது நல்லது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சுனை, வாய்க்கால், குடுமிக் குழி, கணையத் துளை, ஆப்புத் தடம் என்று ஐந்து பெயர்களை முன்கூட்டியே சொல்லி, யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று விட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லிலோ திருமயத்திலோ சங்ககிரியிலோ ஏறினாலும் இதே ஐந்தைத் தேடலாம்.